கார்ட்டூனிஸ்ட் ஏற வேண்டிய பஸ்

பயணம் கலைஞனின் பார்வையை விசாலமாக்கும் என்று தீபாவளி மலர்கள் வருஷம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கார்ட்டூனிஸ்ட் ஒருவர் சிங்கப்பூர் போவார், பாரீஸ் போவார், ஊர் திரும்பியதும் அங்கத்திய ஆட்களின் மூக்கையும் தொப்பியையும் நாலு பக்கத்துக்குப் போட்டுத் தருவார். போகட்டும், அதில் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் அதே மனிதர் சொந்த மாவட்டத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, ஊரைத் தாண்டி, காலனி வரைக்கும் ஒருதரமாவது நடந்திருக்கிறாரா? அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நடந்திருந்தால் படத்தில் தெரிந்திருக்கும். நம் வாரப் பத்திரிகை ஜோக்குகளில் வேலைக்காரி, ரிக்‌ஷாக்காரர், பிக்பாக்கெட் இவர்களுக்கென்று ஒரு முகம், ஒரு நிறம், ஒரு பாஷை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாரையும் பார்த்து வரைந்த முகம் அல்ல அது. அதற்கு முன் போட்ட ஜோக்கைப் பார்த்து வரைந்தது. ஆர்.கே.லட்சுமணின் 'காமன் மேன்' 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தவர். வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, வாய் திறக்காத முகம். மந்திரி அறைக்குள்ளும் அவர் நிற்பார், யாரும் வெளியே போ என்பதில்லை. எந்த வாசலிலும் தடுக்கப்படாத ஒரு ஆளைத்தான் இந்த தேசம் 'பொதுமனிதன்' என்று கொண்டாடியது. உன்னமதி சியாம்சுந்தர் 1932 முதல் 1948 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கர் எப்படியெல்லாம் வரையப்பட்டார் என்று தேடித் தொகுத்த புத்தகம் 2019-ல் வந்தது. புரட்டிப் பாருங்கள். ஆபீஸ் மேஜையை விட்டு எழுந்திருக்காத பேனாக்கள்தான் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கின்றன!

மேஜையை விட்டு எழுந்த ஒருவரைப் பற்றி நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜோ சாக்கோ 1960-ல் மால்டாவில் பிறந்தவர். அமெரிக்காவில் பத்திரிகைத் துறை படித்தவர். முதல் இன்டிபாதா எழுச்சியின் கடைசிக் கட்டத்தில், 1991-92 குளிர்காலத்தில், பாலஸ்தீனத்துக்குப் போய் அகதி முகாம்களில் இரண்டு மாதம் போல அலைந்தார். 'பாலஸ்தீனம்' 1993 முதல் தனித்தனி இதழ்களாக வந்தது. பிறகு ஒரே தொகுதியானபோது எட்வர்ட் சயீத் முன்னுரை எழுதினார். அதில் சாக்கோ தன்னையும் வரைந்துகொள்கிறார். கண்ணாடிக்குள் கண் இல்லாத, தடித்த உதட்டோடு வீடு வீடாக டீ குடித்துக்கொண்டு திரிகிற ஒரு வெளியூர் ஆள். பயம், அசடு, கதை கிடைக்காதா என்கிற ஆசை எல்லாவற்றையும் மறைக்காமல் போட்டிருக்கிறார். ஆரம்பப் பக்கங்களில் எல்லோரையும் கோணலாக, கேலியாக வரைகிற கை, போகப் போகப் பிறர் முகங்களில் நிதானத்துக்கு வருகிறது. தன் முகத்தை மட்டும் கேலியாகவே விட்டுவிட்டார். பயணம் ஒரு கார்ட்டூனிஸ்டை என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இந்தக் கோடுதான். விசாரணைக் கைதி ஒருவரைச் சித்திரவதை செய்கிற அத்தியாயத்தில் நாள் ஆக ஆகக் கட்டங்கள் சின்னதாகிக்கொண்டே போகும். படிக்கிறவனுக்கே மூச்சு முட்டும்.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். 2001-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காக, இன்னொரு நிருபரோடு காஸாவின் கான் யூனிஸ் போனார். 1956 நவம்பரில் அங்கே இஸ்ரேல் ராணுவம் நடத்திய படுகொலையைப் பற்றி எழுதிக் கொடுத்த பகுதியைப் பத்திரிகை வெட்டிவிட்டது. மனுஷன் விடவில்லை. திரும்பப் போனார். கிழவர்களைத் தேடிப் பிடித்து, ஒரே சம்பவத்தைப் பலரிடம் கேட்டு, ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு எங்கே ஒட்டவில்லை என்பதையும் சேர்த்து வரைந்தார். 2009-ல் வந்த அந்தப் புத்தகம் 400 பக்கத்துக்கும் அதிகம். வெட்டப்பட்டது ஒரு கட்டுரையின் ஒரு பகுதி!

நமக்கு இது ஏன் வேண்டும் என்கிறீர்களா? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் சங்கர் வெட்டப்பட்டபோது கேமரா இருந்தது, உலகம் பார்த்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்தபோது எந்தக் கேமரா இருந்தது? மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்களே, அங்கே எது இருந்தது? சாட்சி மட்டும்தான் இருந்தது, சாட்சிக்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது. போட்டோ எடுக்கிறவன் சம்பவத்தின்போது அங்கே இருந்தாக வேண்டும். வரைகிறவன் பிறகு போகலாம். ஆனால் கட்டாயம் போக வேண்டும், உட்கார்ந்து கேட்க வேண்டும், மறுபடி போக வேண்டும்.

சாக்கோ நம்மிடமும் வந்தார், அதாவது உத்தரப்பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்துக்கு. புத்தர் வாழ்நாளெல்லாம் நடந்து, கடைசியில் படுத்த ஊர் அது. வெளிநாட்டு பௌத்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து கும்பிட்டுப் போகிறார்கள். அதே மாவட்டத்தில் முசாஹர்கள் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துச் சாப்பிடுகிற நிலையை அவர் வரைந்தார். 2012-ல் வந்த அவருடைய 'ஜர்னலிசம்' தொகுப்பில் அது இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆதிக்க சாதி ஆட்கள் வந்து நிற்பதும், பேச்சு அடங்குவதும், இவர் மூட்டை கட்டிக் கிளம்புவதும் அதில் உண்டு. 2013 முசாபர்நகர் கலவரத்தைப் பற்றிய அவருடைய புத்தகமும் 2025-ல் வந்துவிட்டது.

கிளம்ப முடிந்தது அவரால். சங்கடம் அங்கேதான். எங்கள் பக்கத்துக் காலனிகளில் நோட்டும் பேனாவுமாகப் போகிற யாரிடமும் பெரியவர்கள் இதைத்தான் கேட்பார்கள்: "படம் போடறேன்னு வந்தீங்க, செரி தம்பி. போட்டுப்போட்டு நீங்க பஸ் ஏறிருவீங்க. நாளைக்கி விடிஞ்சா நாங்க அதே தோட்டத்துக்குத்தானுங்க போகோணும்?" இதற்குச் சாக்கோவிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தச் சங்கடத்தை மறைக்காமல் கட்டத்துக்குள் கொண்டுவந்தார் அவர். நம்மூர் சித்திரக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிற தூரத்துக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை.

பயணம் என்ற சொல்லே எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அம்பேத்கர் தன் தீண்டாமை அனுபவங்களைப் பதிவு செய்தபோது அவற்றில் பெரும்பாலும் பயணங்களே வந்து விழுந்தன. 1901-ல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போன மாட்டுவண்டி, பரோடாவில் தங்க இடம் கிடைக்காத நாள், 1934-ல் தௌலதாபாத் கோட்டைக் குளத்துத் தண்ணீர். இதை வைத்துத்தான் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்கிற பர்தான் கோண்டு ஓவியர்கள் 2011-ல் 'பீமாயணம்' வரைந்தார்கள். தமிழிலும் வந்திருக்கிறது. அதில் இதமான பேச்சுக்குப் பறவை வடிவம், விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. சாக்கோ கட்டத்தை இறுக்கிச் சொன்னதை இவர்கள் கட்டத்தையே விலக்கிவிட்டுச் சொல்கிறார்கள். யாருடைய பயணம், யாருடைய கை என்பதைப் பொறுத்துக் கோடும் மாறத்தான் செய்யும்.

அதனால் வெளியிலிருந்து ஒருவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவிநாசிபாளையம் நால்ரோட்டில் கோவை-திருச்சி ரோடும் திருப்பூர்-தாராபுரம் ரோடும் வெட்டிக்கொள்கின்றன. விடியக்காலை அங்கே நின்றால் கம்பெனி வேன்கள் வரிசையாகப் போகும். பவர்டேபிள் டெய்லர், கைமடி, செக்கிங், தறிக்குப் போகிறவர், கோழிப் பண்ணைக்குப் போகிறவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர், எல்லா முகமும் அந்த வேன்களில் இருக்கிறது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பீகார் வரைக்கும் பதறிப்போனது. ஒரு நாளில் ஊரைக் கிழித்துப் போட வீடியோவால் முடிகிறது. பத்து நாள் உட்கார்ந்து வரைந்த பத்துப் படங்கள் நம் கையில் அன்றைக்கு இருந்ததா? டீக்கடையில் ரெட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது, இப்போ எல்லாம் பேப்பர் கப்தான் என்பார்கள். கப் யாருக்குப் போகிறது, கண்ணாடி டம்ளர் யாருக்குப் போகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணுகிற கண் வேண்டும். அந்தக் கண் காலனிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பேனாவும் பஸ் காசும்தான் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்தவர் அருந்ததியர் பெண் என்பதற்காக, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். அதிகாரிகள் மறித்தவர்களை விட்டுவிட்டு அவரை இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகு உத்தரவு திரும்பியது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தச் சமையலறை, அடுப்பு, வாசலில் நின்ற கூட்டம், நடுவில் தட்டோடு நின்ற பிள்ளைகள் இதெல்லாம் நம் படத்தில் வரவில்லை. போவதானால் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். பேச இஷ்டமில்லாதவரை விட்டுவிடுங்கள். பெயரை மாற்றுங்கள், முகத்தை மாற்றுங்கள். வரைந்ததை அச்சுக்குக் கொடுக்குமுன் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுங்கள். இது தப்பு என்று அவர்கள் சொன்னால் திரும்ப வரையுங்கள். பஸ் காசு சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம்.