நிலைப்படுத்திய விதையும் நிலைகுலையும் வகைகளும்

நாட்டுக் கஞ்சா வகைகள் ஒழுங்கற்றவை. கலந்து, தெரிந்து, நிலைப்படுத்தினால்தான் அவை ‘வகை’ என்னும் தகுதியைப் பெறும். இக்கூற்றை நம் ஆய்வுலகம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. மொழியியல் பயின்றோருக்கு இது பழகிய குரல்தான்: பொதுமொழியே மொழி, வட்டார வழக்குகள் அதன் சிதைவு.

நிலைப்படுத்தல் உண்மையில் என்ன செய்கிறது? பெற்றோர் இரண்டும் தூய வழிகளாக இருந்தால் மட்டுமே கலப்பின் முதல் தலைமுறை சீராக அமையும். இரண்டாம் தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறும். வேண்டியவற்றைத் தெரிந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறைகள் இணைத்தால் சீர்மை கிட்டும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, கழித்துக் கட்டிய மரபணு வேறுபாடுகள். கஞ்சாவிலோ பெரும்பாலும் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். மகரந்தம் காற்றில் பரவும். அயற்கலப்பில் தழைக்கும் இச்செடி உட்கலப்பு மிகுந்தால் வீரியம் குன்றும். எனவே நாட்டு வகையின் ‘ஒழுங்கின்மை’ குறையன்று. மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்கும் சேமிப்பு.

மருந்து செய்வோருக்கு மாறாத வேதிச்சேர்க்கை வேண்டும். அதற்கு நிலைப்படுத்திய வழிகள் இன்றியமையாதவை. அதை நான் மறுக்கவில்லை. ஒரு தேவைக்கான கருவியை எல்லா வகைகளுக்குமான அளவுகோலாக்குவதையே மறுக்கிறேன்.

அந்த அளவுகோலின் பெயர்களாவது நம்பத்தக்கவையா? 1785இல் லாமார்க் ‘இண்டிகா’ என்று பெயரிட்டது இந்தியாவிலிருந்து சென்ற செடிக்கு. இன்றைய விதைச் சந்தையில் அச்சொல் ஆப்கானிய மரபின் குட்டையான, அகன்ற இலைச் செடியைக் குறிக்கிறது. இந்தியாவின் உயர்ந்த, குறுகிய இலைச் செடி ‘சட்டைவா’ ஆகிவிட்டது. 2015இல் வெளிவந்த கனடிய மரபணு ஆய்வொன்றில், முழுச் சட்டைவா எனப்பட்ட ஜமைக்கா மாதிரியும் முழு இண்டிகா எனப்பட்ட ஆப்கானிய மாதிரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வணிகச் சீட்டில் உள்ள இச்சொற்களை ஆய்வேடுகளில் வகைப்பாடாக எழுதுவது அறிவியல் ஆகாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், நாருக்கும் விதைக்கும் கஞ்சா பயிரிட அரசு அனுமதி தர இடமளிக்கிறது. அவ்வழியில் உத்தராகண்ட் 2018இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. போதை தரும் டிஹெச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மலைச் செடிகள் பல இவ்வரம்பை மீறுபவை. குமாவூன் வீடுகளில் சட்னிக்கு விதையும் கயிற்றுக்கு நாரும் தந்துவந்த செடி இப்படிச் சட்டத்துக்கு வெளியே நிற்க, நிலைப்படுத்திய வெளி விதை உள்ளே வருகிறது. மகரந்தம் பல கிலோமீட்டர் பறக்கும். நாட்டு வகையும் கலங்கும்; புதிய பயிரிலிருந்து எடுத்து வைக்கும் விதையின் ‘நிலைப்பும்’ கலையும். இழப்பு இருபுறமும்.

ஆகவே, வெளி விதைக்கு வயல் திறப்பதற்கு முன், ஊர்வாரியாக நாட்டு விதைகளைத் திரட்டித் தேசிய மரபணு வங்கியில் சேர்க்க வேண்டும். அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் பயன்களையும் பதிய வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர்வகைச் சட்டம் ‘உழவர் வகை’ என்னும் கருத்தை ஏற்றிருக்கிறது. கஞ்சாவுக்கு மட்டும் அதை மறுப்பது என்ன நியாயம்? மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டில் இண்டிகா, சட்டைவா என்று எழுதுவதை விடுத்து, விதை எந்த ஊரில், எவ்வுயரத்தில், யார் வயலில் கிடைத்தது என்று எழுதுங்கள். அழிந்த வகையை எந்த நிலைப்படுத்தலும் மீட்டுத் தராது.