‘மக்கள் வெள்ளம்’ வெறும் வார்த்தை இல்லை! நெரிசலுக்குள் ஒளிந்திருக்கும் 18 விநாடி இயற்பியல்

‘மக்கள் வெள்ளம்’, ‘கூட்டம் அலைமோதியது’... திருவிழாச் செய்தி என்றாலே கை தானாக டைப் செய்யும் வார்த்தைகள் இவை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேன்னு நினைப்போம். ஆனால், நிஜமாகவே கூட்டம் தண்ணீர் மாதிரிதான் நடந்துகொள்கிறது என்கிறது இயற்பியல்.

ஆய்வு நடந்தது எங்கே?

ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 6-ம் தேதி சான் ஃபெர்மின் திருவிழா தொடங்கும். நண்பகலில் வாணம் விடுவதைப் பார்க்க, ஒரு சிறிய சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிவார்கள். பிரான்சின் லியோன் நகர இயற்பியலாளர் டெனி பார்டோலோவின் குழு, அந்தக் கூட்டத்தை மேலிருந்து நான்கு ஆண்டுகள் படம்பிடித்தது. ஆளாளுக்குத் தனியாகப் பார்க்காமல், நீரோட்டத்தைக் கணக்கிடுவதுபோல மொத்தக் கூட்டத்தின் அசைவையும் கணக்கிட்டார்கள். முடிவுகள் 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியாகின.

என்ன தெரிந்தது?

கூட்டம் ஓரளவு இருக்கும்வரை அவரவர் இஷ்டப்படி அசைகிறார்கள். நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கதையே மாறுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே உடம்பு போல வட்டமாகச் சுழல ஆரம்பிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி! வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை, யாரும் திட்டமிடவும் இல்லை.

2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த ‘லவ் பரேட்’ இசை விழா நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சிகளை ஆராய்ந்தபோது, அங்கேயும் இதே போன்ற சுழற்சி இருந்தது.

இது ஏன் முக்கியம்?

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘யாரோ தள்ளிட்டாங்க’, ‘வதந்தி பரவிடுச்சு’ என்று பேச்சு வரும். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால், யாருமே தள்ளாவிட்டாலும் நெருக்கம் மட்டுமே ஆளை இழுத்துச் செல்லும் என்கிறது இந்த ஆய்வு. அப்படியென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘தள்ளியது யார்?’ என்பதல்ல. ‘இவ்வளவு சின்ன இடத்துக்குள் இத்தனை பேரை விட்டது யார்?’ என்பதுதான்.

2025 ஜனவரி 29-ல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் குறைந்தது 30 பேர் இறந்தபோதும் எழுந்த கேள்வி இதுதான்.

இந்தச் சுழற்சி விபத்துக்கு முன்பே கேமராவில் தெரியும் என்பதால், அதை எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நீங்க மாட்டிக்கிட்டா?

* நெரிசலில் பலர் இறப்பது மிதிபட்டு அல்ல, நெஞ்சு நசுங்கி மூச்சுவிட முடியாமல்தான். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி, மூச்சுவிட இடம் வையுங்கள்.
* அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது கொஞ்சம் அடங்கும்போது, சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள்.
* செல்போன், செருப்பு விழுந்தால் குனியாதீர்கள். போனால் போகட்டும்.
* நிற்கும் இடத்தில் உடம்பு தானாக அசைய ஆரம்பித்தால், அதுதான் சிக்னல். முடிந்தவரை உடனே வெளியேறுங்கள்.