மீத்திறன் பிள்ளைகளைக் காணும் கண் ஆரம்பப் பாடசாலையில் உண்டா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நாடெங்கும் ஒரே காட்சியைக் காணலாம். பாடசாலை வாயில்களில் வாழ்த்துப் பதாகைகள் தொங்குகின்றன. தனியார் கல்வி நிலையங்கள் தமது மாணவரின் படங்களை மதில்களில் ஒட்டுகின்றன. பத்திரிகைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. கூடிய புள்ளி பெற்ற சிறார்களின் படங்களைப் பிரசுரிப்பதில் நாமும் பின்நிற்பதில்லை. ஆயினும், இப்பிள்ளைகளின் திறமையை முதலாம், இரண்டாம் தரங்களிலேயே இனங்கண்டு வளர்த்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டாதோருள் எத்தனை மீத்திறன் பிள்ளைகள் கவனிப்பாரற்றுப் போயினர் என்ற கேள்வியோ அதனிலும் அரிதாகவே எழுகின்றது.

இப்பரீட்சையின் மூல நோக்கம் உயரியது என்பதில் ஐயமில்லை. 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியை முன்னெடுத்த காலத்தில், வசதியற்ற கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரியை எட்டுவதற்கான ஏணியாகவே புலமைப்பரிசில் அமைந்தது. அந்த ஏணியில் ஏறி உயர்ந்தோர் இந்நாட்டின் சகல துறைகளிலும் உள்ளனர். இன்றோ ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பத்து வயதுச் சிறுவர்கள் ஒரே நாளில், இரண்டு வினாத்தாள்களுக்கு, 200 புள்ளிகளுக்காக விடையெழுதுகின்றனர். 2023ஆம் ஆண்டுப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றோர் சுமார் 15 சதவீதத்தினர் மாத்திரமே. 2024 செப்டெம்பரில் நடைபெற்ற பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியமை உயர் நீதிமன்றம் வரை செல்லும் விவகாரமாயிற்று. பெறுபேறுகள் 2025 ஜனவரியிலேயே வெளிவந்தன. ஓரிரு வினாக்களின் புள்ளிகளுக்காகப் பெற்றோர் நீதிமன்றப் படியேற வேண்டிய அளவிற்கு அந்த ஒரு நாளின் மீது சுமை ஏற்றப்பட்டிருக்கின்றது.

ஒரே பரீட்சையால் மீத்திறனை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டேர்மன், 1921ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை மூலம் பெருந்தொகையான மீத்திறன் சிறுவர்களைத் தெரிவுசெய்து, அவர்களது வாழ்க்கையைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்தார். அச்சோதனையில் போதிய புள்ளி பெறாது விலக்கப்பட்ட சிறுவர்களுள் இருவர் வில்லியம் ஷொக்லி, லூயி அல்வாரெஸ் என்போர். பிற்காலத்தில் இருவரும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்; முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும். தெரிவுசெய்யப்பட்டோருள் எவரும் அப்பரிசைப் பெறவில்லை.

இவ்வனுபவங்களின் பின்னணியிலேயே, ஆரம்பப் பாடசாலையில் மீத்திறன் கல்விக்கெனத் தனியான நிபுணத்துவ ஆசிரியர் ஒருவர் தேவை என்ற கருத்து மேலைநாடுகளில் வலுப்பெற்றது. எமது சூழலில் இப்பதவி பற்றிப் பேசினால், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து மேலதிக வகுப்பு நடத்தும் ஒருவர் என்றே பலரும் எண்ணக்கூடும். அது தவறான விளக்கமாகும். அவரது முதற்பணி காண்பது. வகுப்பில் எந்நேரமும் கேள்வி கேட்டு 'வாயாடி' எனப் பெயரெடுத்த பிள்ளை, தரப்பட்ட வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அருகிலிருப்பவனைச் சீண்டி 'குழப்படிக்காரன்' எனத் தண்டனை பெறும் பிள்ளை, வாசிப்பில் இடர்ப்பட்டாலும் கையிற் கிடைத்த கம்பியையும் தகரத்தையும் கொண்டு இயங்கும் வண்டி செய்யும் பிள்ளை ஆகியோரை வகுப்பாசிரியருடன் அமர்ந்து அவதானிப்பதும், அவர்களது ஆக்கங்களைச் சேகரித்து ஆராய்வதும் அவருக்குரிய கடமையாகும். ஒரு பாட அலகை ஏற்கெனவே அறிந்துள்ள பிள்ளைக்கு அதையே மூன்று வாரம் திரும்பக் கற்பியாது, சிறு முன்கணிப்பீட்டின் மூலம் அறிந்ததை விலக்கி, மிஞ்சும் நேரத்தில் ஆழமான வேலையொன்றைத் திட்டமிட்டுக் கொடுப்பதும் அவரது பணியே. ஜோசப் ரென்சூலி என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1978இல் முன்வைத்த கருத்தின்படி, சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், ஆக்கத்திறன், எடுத்த கருமத்தில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்திலேயே மீத்திறன் வெளிப்படுகின்றது. இவற்றுள் பின்னைய இரண்டையும் இரண்டரை மணித்தியாலத்திற்கும் குறைந்த நேரப் பரீட்சை காட்டித் தரமாட்டாது.

நிபுணர் என்ற பெயரில் ஒருவரை நியமித்துவிட்டாற் போதும், யாவும் சீராகிவிடும் என்றும் கருதிவிடலாகாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் புறோவர்ட் என்ற பெரிய கல்வி மாவட்டம் ஒன்றுண்டு. அங்கு மீத்திறன் வகுப்புகளுக்கான பிள்ளைகள் நெடுங்காலமாக ஆசிரியர், பெற்றோரின் பரிந்துரையின் பேரிலேயே சோதிக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டு முதல் இரண்டாம் தரப் பிள்ளைகள் அனைவருக்கும், மொழியறிவில் தங்கியிராத எளிய சோதனையொன்று நடத்தப்பட்டது. ஏழைக் குடும்பங்களையும், கறுப்பின, ஹிஸ்பானிய சமூகங்களையும் சேர்ந்த பிள்ளைகள் அதன் பின்னர் முன்னெப்போதும் இல்லாத அளவில் இனங்காணப்பட்டனர். அவர்களது ஆசிரியரும் பெற்றோரும் அதுவரை அவர்களைக் கவனியாதிருந்தனர் என்பதே இதன் பொருள். பொருளாதார நெருக்கடியால் அத்திட்டம் சுருக்கப்பட்டதும் அப்பிள்ளைகளின் தொகை மீண்டும் வீழ்ந்தது. பொருளியலாளர்களான டேவிட் கார்ட், லோரா ஜியூலியானோ ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக எடுத்துக்காட்டியது. தாமாக முன்வருவோரை மட்டும் நோக்கும் கண், வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையே மீண்டும் மீண்டும் காணும்.

எமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரின் அனுபவமும் கவனத்திற் கொள்ளத்தக்கது. அந்நாடு 1984இல் மீத்திறன் கல்வித் திட்டத்தை ஆரம்பித்து, மூன்றாம் தரத்தில் சோதனை நடத்தி, ஏறத்தாழ ஒரு சதவீதப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து ஒன்பது ஆரம்பப் பாடசாலைகளில் சேர்த்து வந்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் லோரன்ஸ் வொங், அத்திட்டம் அதன் தற்போதைய வடிவில் நிறுத்தப்பட்டு, ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையும் தன் மீத்திறன் பிள்ளைகளைத் தானே வளர்க்கும் முறை கொண்டுவரப்படும் என அறிவித்தார். பிள்ளையைத் திறமையுள்ள இடத்திற்கு நகர்த்துவதிலும் பார்க்க, பிள்ளை இருக்கும் இடத்திற்குத் திறமையான கற்பித்தலைக் கொண்டு செல்வது மேல் என்பதை நாற்பது ஆண்டுகாலப் பரீட்சார்த்தத்தின் பின்னர் அவர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர் எனலாம்.

நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. கிராமப் பாடசாலையின் மிகச்சிறந்த பிள்ளையைப் பத்து வயதில் நகரப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, அதையே அந்தப் பாடசாலையின் வெற்றியாகக் கொண்டாடுகிறோம். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான அலகுகளும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் எமது பாடசாலை முறைமையில் நீண்ட காலமாக உண்டு. அவை போதுமானவையல்ல என்பது வேறு விடயம். மீத்திறன் கொண்ட பிள்ளையும் விசேட தேவையுடைய பிள்ளையே என்பது ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் ஓர் அத்தியாயமாக இருக்கின்றதே தவிர, பாடசாலையில் எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை.

மலையகத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் தரத்தில் பயிலும் ஒரு சிறுமியை எண்ணிப் பார்ப்போம். மாலையில் தாயுடன் கொழுந்து மடுவத்தில் நிற்கும்போது, நிறுவையில் கழிவு போக எஞ்சும் கிலோ எத்தனை, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு சேரும் என்பதைக் கணக்கப்பிள்ளைக்கு முன்னரே மனத்தில் கூட்டிச் சொல்லக்கூடியவள் அவள். மறுநாட்காலை, இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் ஆசிரியரிடம் அவள் வாய்பாட்டை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருப்பாள். ஆசிரியரைக் குறைகூற முடியாது. அவர் கவனிக்க வேண்டிய வேறு முப்பது பிள்ளைகள் அங்கே இருக்கின்றனர். இச்சிறுமி ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளியைப் பெறக்கூடும். பெறாமலும் போகலாம். எதுவாயினும், அதுவரையான ஐந்து வருடங்கள் அவளுக்கு வீணானவையே.

சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகளுக்கும் ஒவ்வொரு நிபுணரை நியமிப்பது இன்றைய நிதிநிலையில் நடைமுறைச் சாத்தியமற்றது. ஆனால், அருகருகேயுள்ள ஆரம்பப் பாடசாலைகளை உள்ளடக்கிய ஒரு கொத்தணிக்கு ஒருவர் என்பது எட்டாத இலக்கன்று. வலயக் கல்வி அலுவலகங்களில் ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகர்கள் ஏற்கெனவே பணியாற்றுகின்றனர். அவர்களுட் சிலருக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஊடாக இத்துறையில் முறையான பயிற்சியளித்து, மேற்பார்வைப் படிவங்களை நிரப்பும் வேலையிலிருந்து விடுவித்தாலே ஆரம்பம் செய்துவிடலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு பாடசாலை என அவர் செல்லட்டும். இரண்டாம் தரத்தில் பிள்ளைகள் அனைவரையும், தாய்மொழி எதுவாயினும் பாதிக்காத எளிய கணிப்பீடு ஒன்றின் மூலம் அவர் பார்க்கட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. இப்பதவி முதலில் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு வழங்கப்படுமாயின், அதனை உருவாக்காதிருப்பதே நன்று. ஏற்கெனவே எல்லாம் உள்ள இடத்தில் அது இன்னுமோர் அலங்காரமாகவும், 'மீத்திறன் வகுப்பு' என்ற பெயரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மற்றொரு மேலதிக வகுப்பாகவும் மாறிவிடும். அதிபர்கள் பரீட்சைப் பெறுபேற்றினாலேயே மதிப்பிடப்படும் வரையில் அந்த நெருக்குதல் இருந்தே தீரும். நிபுணரின் பணியை எத்தனை பிள்ளைகள் சித்தியடைந்தனர் என்பதைக் கொண்டு அளவிடக் கூடாது என்பது சுற்றறிக்கையிலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும்.

கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் 2025ஆம் ஆண்டு முதல் சூடுபிடித்துள்ள வேளையில், புலமைப்பரிசில் பரீட்சையை வைத்திருப்பதா, ஒழிப்பதா என்ற சர்ச்சை மட்டுமே பெரிதாக ஒலிக்கின்றது. ஒழிப்பதாயின் ஏழைப் பிள்ளையின் ஏணி பறிபோகும் என்ற அச்சம் நியாயமானது. ஏணிக்குப் பதிலாக எதைத் தருகிறோம் என்பதற்கு விடை கூறாது அதனை எடுத்துவிட முடியாது.

பரீட்சை இருக்கும் காலத்திலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2025இல் அது ஆகஸ்ட் 10ஆந் திகதி நடைபெற்றது. அதன் பின்னர் ஆண்டிறுதி வரையான மாதங்களில் ஐந்தாம் தர வகுப்பறைகள் களையிழந்து விடுவதை ஆசிரியர் எவரும் அறிவர். மாதிரி வினாத்தாள்கள் மூடப்பட்டுவிட்ட அம்மாதங்களில், ஒரு வலயத்தில் பத்துப் பாடசாலைகளையேனும் தெரிந்து, பிள்ளைகளைத் தாம் விரும்பிய ஒன்றைத் தேடவும் செய்யவும் விட்டு, அவர்களை அவதானிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் இருத்திப் பார்க்கலாம். அதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை.