36 தவணை மன்னிப்பு

பி.காம். படித்தவன் கையில் பைபிளைக் கொடுத்தால் அவன் கண்ணில் முதலில் படுவது கணக்குதான். நான் மட்டும் விதிவிலக்கா என்ன?

இயேசு தன் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அதில் மன்னிப்பு கேட்கிற இடத்தில் பழைய தமிழ் பைபிள் போட்டிருக்கும் சொல் 'கடன்'. மூலமான கிரேக்கத்திலும் கடன்தான். பாவம், குற்றம் என்றால் 'நமக்கில்லப்பா' என்று தாண்டிப் போய்விடலாம். கடன் என்றால் தப்ப முடியுமா? கைமாத்து, வட்டி, ஜாமீன், மாசக்கடைசி என்று நம் மொத்த ஜாதகமும் அதில் வந்துவிடுகிறதே!

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். வாராக்கடனைத் தள்ளுபடி செய்தால் வாங்கியவன் பெயரிலிருந்து தொகை போய்விடும். ஆனால் ஆவியாகிவிடாது. கொடுத்தவனின் லாப நஷ்டக் கணக்கில் நஷ்டமாக வந்து சம்மணம் போட்டு உட்காரும். ஆக, மன்னிப்பு ஓசி கிடையாது. மன்னிக்கிறவன் கையைக் கடித்தே தீரும்.

அதனால்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் 'பரவாயில்ல சார், விடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டு, விஷயத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைக்கிறோம். அடுத்த சண்டையில் தேதி, கிழமை, வட்டி சகிதம் வெளியே எடுப்பதற்கு!

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பக்கத்து சீட்காரர் ஊழியர் சங்கத்தில் லோன் போட, அண்ணாச்சி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். லோன் வாங்கியவர் ஒரு சுபயோக சுபதினத்தில் வேலையை விட்டார். விலாசமும் சொல்லவில்லை. பாக்கி 36 தவணை, மாதம் 700 ரூபாய். சங்கத்துக்கு ஏது கருணை? ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடி!

தவணையெல்லாம் முடிந்த பிறகு அந்த ஆசாமி தங்கச்சி கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார். 'மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி' என்றார். பணத்தைப் பற்றி மூச்சில்லை. அண்ணாச்சி அவருக்குக் காபி வாங்கிக்கொடுத்தார். கல்யாணத்துக்கும் போய் 501 ரூபாய் மொய் எழுதினார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, 25,200ல அந்த 501ஐக் கழிச்சுக்கிட்டிருக்கலாமே?"

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, மொத மாசம் பிடிச்ச ஒடனயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி மன்னிச்சிட்டேன். நிம்மதியாத் தூங்குனேன். அடுத்த மாசம் சம்பளச் சீட்டப் பாத்தா, மறுபடி 700! பல்லக் கடிச்சேன். சின்னவ ஃபீஸுக்கு வீட்டுல வளையலக் கழத்திக் குடுத்தா. மறுபடி மொதல்லருந்து மன்னிக்க வேண்டியதாப் போச்சு. ஒரே ஆளு, ஒரே தப்பு, 36 தடவ. சில மாசம் ஜெபத்துல அந்த வரி வர்றப்ப வாய மூடிக்கிட்டு நின்னுருக்கேன். பொய் சொல்லக் கூடாதுல்லா?"

"சரி, அவரே இன்னொரு ஜாமீன் கேட்டா?"

"மன்னிச்சாச்சு. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்!"

மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. 'ஏழு தடவை மன்னித்தால் போதுமா?' என்று பேதுரு கேட்கிறார். பதிலாக வருவது ஏழு எழுபது தடவை, அதாவது 490! பலரும் இதை 490 தப்புகளுக்கான கோட்டா என்று எடுத்துக்கொள்வார்கள். அண்ணாச்சி கணக்கில் ஒரே தப்புக்கே அத்தனையும் தேவைப்படும்.

அங்கேயே ஒரு கதையும் வருகிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கினால் 6 கோடி நாள் கூலி! வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். ரிடையர்மென்ட் வயதை எவ்வளவு நீட்டினாலும் தீராது. ராஜா அத்தனையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். அது முதல் தொகையில் 6 லட்சத்தில் ஒரு பங்கு! விஷயம் தெரிந்த ராஜா விடுவாரா? தள்ளுபடி ரத்து.

நம் பேரேட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய தொகை அடித்துவிடப்பட்டிருக்கிறது என்று நம்புவதைத்தான் அண்ணாச்சி 'விசுவாசம்' என்பார். அந்த நம்பிக்கை இருக்கிறவனுக்கு 700 ரூபாய் வலிக்காது என்றில்லை. வலித்தாலும் கட்ட முடிகிறது.

'700 ரூபாய்க்கு சரி, உயிருக்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி என்ற இரண்டு மகன்களையும், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார் மனைவி கிளாடிஸ். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்கான ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனை கோர்ட்டின் பேரேடு, மன்னிப்பு அந்த அம்மாவின் பேரேடு.

'மன்னித்தேன்' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விமானத்தைப் பிடிக்கவில்லை. 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து, கணவர் விட்டுப்போன தொழுநோய் இல்லப் பணியைத் தொடர்ந்தார். 2005இல் பத்மஸ்ரீ வந்தது. நான் யோசிப்பது விருதைப் பற்றி அல்ல. அந்த ஐந்து வருஷமும் தினமும் காலையில் கண் விழித்தால் வீட்டில் மூன்று பேர் இல்லை. எத்தனை தவணை அது?

உங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் யார் யார் இருக்கிறார்கள்? மேனேஜரா, மச்சானா, பாகப்பிரிவினையில் கிணற்றைச் சுருட்டிய பெரியப்பாவா? எல்லாவற்றையும் ஒரே நாளில் தள்ளுபடி செய்ய மத்திய பட்ஜெட்டால்கூட முடியாது. ஒரு பெயரை எடுத்து ஒரு தவணை கட்டிப் பாருங்கள். அடுத்த மாசம் அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபடி பல்லைக் கடிப்பீர்கள். பயப்படாதீர்கள். முதலில் கட்டியது வீணாகிவிடவில்லை. இரண்டாவது தவணை வந்திருக்கிறது, அவ்வளவுதான்!