வெள்ளைச் சேலையும் வெண்கலக் குரலும்

போன ஞாயிறு மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. நான், கிள்ளானிலிருந்து வந்த என் அக்கா, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவர் மகள். முதல் நாள் இரவுதான் இரட்டைக் கோபுரத்தில் உள்ள பில்ஹார்மோனிக் அரங்கில் ஓபரா பாட்டு கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மைக்கே இல்ல மாமா. கடைசி வரிசை வரைக்கும் குரல் வருது. நம்ம ஆளுங்கள்ல இப்படி யாராவது பாடியிருக்காங்களா?"

"ஏன் இல்லை? கே.பி. சுந்தராம்பாள்."

"அந்த அவ்வையார் பாட்டியா?" என்று சிரித்தாள்.

அந்தப் பாட்டியின் இளமையைச் சொன்னேன். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையில் ரயிலில் பாடித் திரிந்த சிறுமி, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அன்றைய சங்கீத நாடகம்தான் நம் ஓபரா. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். நடிப்பவரே பாட வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே, கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய தலைமுறை அது. இலங்கை மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து பாடினார். 1927இல் இருவருக்கும் திருமணம். 1933இல் கிட்டப்பா இறந்தார்.

"அப்ப அவங்களுக்கு என்ன வயசு?" கேட்டது அக்கா.

"இருபத்தைந்து."

அக்கா இலையைப் பார்த்தபடி இருந்தார். அத்தான் தவறி ஒன்பது மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் தேவாரம் பாடியவர் அக்கா. 'இனிமே முன்னால நின்னு பாடினா நாலு பேர் பேசுவாங்க' என்று நிறுத்திவிட்டார்.

சுந்தராம்பாளும் சில காலம் ஒதுங்கித்தான் இருந்தார். வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது, போய்விடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். கொடுத்தார்கள்! 1935இல் வந்த அந்தப் படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்துப் பாடினார். சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1953இல் 'அவ்வையார்', 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். ஆனாலும் 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் அந்தக் குரலை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறோம்.

வெள்ளைச் சேலை அந்தக் கால வழக்கம். இன்றைய பெண்ணிடம் அதை யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நான் மதிப்பது வேறொன்றை. எப்படித் துக்கம் காப்பது என்பதை அவரே முடிவு செய்தார். யாரோடு நடிப்பது, என்ன விலைக்குப் பாடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். பாடலாமா கூடாதா என்று ஊரிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இதை அக்காவிடம் நான் விளக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கிள்ளானுக்கு ரயில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: 'அம்மா தேவாரப் புத்தகத்தைத் தேடுறாங்க. நீங்க எடுத்துட்டுப் போனீங்களா மாமா?'

ஆம், என் அலமாரியில்தான் இருந்தது. அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் பாட்டை நிறுத்திவிட்ட ஒருவர் இருக்கலாம். அறிவுரை எதுவும் வேண்டாம். ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.