பருமனும் பசியும்

பசியைப் பற்றிப் பேசுவதற்கு நம் மொழியிற் சொற்கள் ஏராளம். பஞ்சம், பட்டினி, வறுமை, மிடி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பருமனைப் பற்றிப் பேச முனைந்தாலோ, ஒன்று கேலிச் சொல் வந்து நிற்கும். அல்லது, 'வசதியான இடத்துப் பிள்ளை' என்ற பாராட்டு வந்து நிற்கும். கேலியும் பாராட்டும் ஒரே நம்பிக்கையிற் பிறந்தவை. பருத்தவன் உண்டு மிகுந்தவன், மெலிந்தவன் உணவின்றி வாடியவன் என்பதே அந்நம்பிக்கை. அது இன்றைய உலகுக்குப் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. 5 முதல் 19 வயது வரையான உலகப் பிள்ளைகளுள், 2000ஆம் ஆண்டில் எடை குறைந்தோர் நூற்றுக்கு 13 பேரளவில் இருந்தனர். மிகைப் பருமன் உடையோர் 3 பேரே. இப்பொழுது எடை குறைந்தோர் 9.2 வீதம், மிகைப் பருமன் உடையோர் 9.4 வீதம். மெலிந்த பிள்ளைகளைப் பருத்த பிள்ளைகள் தொகையில் முந்திவிட்டனர். வளர்ந்தோர் நிலையும் இத்தகையதே. 2022ஆம் ஆண்டில் உலகில் 89 கோடி வளர்ந்தோர் மிகைப் பருமனுடன் வாழ்ந்தனர் என்றும், 1990ஆம் ஆண்டு வீதத்தைவிட இது இரு மடங்குக்கு மேல் என்றும் உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது.

செல்வம் பெருகிற்று, அதனால் உடம்பும் பெருகிற்று என்பார் உளர். அப்படியாயின், செல்வ நாடுகள் யாவும் ஒரே படியாகப் பருத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 40 பேரளவில் மிகைப் பருமனுடையர். ஜப்பானிலோ 5 பேரளவிலேதான். இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், மிக வறிய பகுதிப் பிள்ளைகளிடையே காணப்படும் பருமன், வசதி மிக்க பகுதிகளில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேல். செல்வத்தின் அடையாளமென்று நாம் எண்ணியது அங்கே வறுமையின் அடையாளமாகிவிட்டது.

உலகிற் பிள்ளைப் பருமன் மிக அதிகமான இடங்கள் பசிபிக் சமுத்திரத்தின் சிறு தீவுகள். நியுவேயில் 38 வீதம், குக் தீவுகளில் 37 வீதம், நவூருவில் 33 வீதம். இவற்றுள் நவூருவின் கதை தனித்துச் சொல்லத் தக்கது. 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவின் மக்கள் மீனும் தேங்காயும் தாழம்பழமும் உண்டு வாழ்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள பொசுபேற்று அகழப்பட்டு, அவுஸ்திரேலியாவினதும் நியூசிலாந்தினதும் வயல்களுக்கு உரமாயிற்று. 1968இல் நாடு சுதந்திரமடைந்தது. சில காலம் பணமும் கொழித்தது. பின்னர் பொசுபேற்று வற்றியது, பணமும் போயிற்று. எஞ்சியது, தீவின் நடுவே பயிர் விளையாத கற்காடு. இன்று அம்மக்களுடைய சமையலறைக்கு அரிசியும் சீனியும் தகரத்தில் அடைத்த இறைச்சியும் கப்பலில் வந்து இறங்குகின்றன. தம் மண் பிறர் நாட்டுப் பயிரை வளர்க்கப் போய்விட்டபின், அவர்கள் எதை உண்பது?

அயலிலுள்ள சமோவா இவ்வலையிலிருந்து விடுபட முயன்றது. வெளிநாடுகளில் விலைபோகாத, கொழுப்பு மிகுந்த வான்கோழி வால் அங்கே மலிவாகக் குவிந்தது. 2007இல் அரசாங்கம் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆனால், 2012இல் உலக வர்த்தக நிறுவனத்தில் உறுப்புரிமை பெறுவதற்காக, அத்தடையை நீக்க உடன்பட வேண்டியதாயிற்று. ஒரு நாடு தன் மக்களின் உணவைத் தானே தீர்மானிக்க இயலாதபோது, தனிமனிதனை மட்டும் 'வாயைக் கட்டு' என்று உபதேசிப்பதில் நியாயம் உண்டா?

பசிக்கும் பருமனுக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. 1944, 1945ஆம் ஆண்டுகளில், யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், ஒல்லாந்தின் மேற்குப் பகுதியைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அப்பொழுது கருவிலிருந்த ஆண்மக்கள் 19 வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது பதியப்பட்ட விபரங்களை ஆராய்ந்தவர்கள், 1976இல் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். கருவின் முற்பாதியில் பஞ்சத்திற்கு ஆளானவர்களிடையே பருமன் மிகுந்திருந்தது. தாய் வயிற்றிற் பசித்த உடல், பிற்காலத்திற் கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகிவிடுகிறது போலும்.

தெற்காசியர்களாகிய நமக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலுமே இன்றும் மெலிந்த பிள்ளைகள் தொகையில் மிகுந்துள்ளனர். எனினும், ஆசிய உடல் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் இடங்கொடுப்பதை உலக சுகாதார தாபனத்தின் நிபுணர்கள் 2004இல் எடுத்துக்காட்டினர். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 64 கிலோகிராமில் மிகை எடை தொடங்குகிறது என்பது பொது அளவு. ஆசியர் 59 கிலோகிராமிலேயே எச்சரிக்கை கொள்ளவேண்டும். பசியை முற்றாக வெல்லுமுன்னரே பருமன் நம் வாசலுக்கு வந்துவிட்டது.

செய்யத்தக்கது யாது? சிலி தேசம் 2016இல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. சீனியோ உப்போ கொழுப்போ மிகுந்த பொதிகளில் கரிய எண்கோண முத்திரை இடவேண்டும். சிறுவரைக் கவரும் சித்திரங்கள் அவற்றில் இருத்தலாகாது. பாடசாலைகளில் அவற்றை விற்றலும் ஆகாது. சுமார் ஒன்றரை ஆண்டுக்குள் இனிப்புப் பானங்களின் கொள்வனவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும், அந்நாட்டுப் பிள்ளைகளில் 27 வீதத்தினர் இன்னும் மிகைப் பருமனுடையரே. சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். இலங்கையும் 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகளை விதித்தது. 2017இல் அவற்றிலுள்ள சீனியின் அளவுக்கேற்ப வரியும் விதித்தது. நல்ல தொடக்கந்தான். ஆனால், அந்நிறங்களின் பொருளைப் பிள்ளைக்கு விளக்குபவர் யார்?

ஜப்பான் இதற்கு விடை கண்டிருக்கிறது. 1954இலேயே பாடசாலை மதிய உணவுக்குச் சட்டம் இயற்றிய அந்நாடு, 2005இல் உணவுக் கல்விக்கும் சட்டம் செய்தது. அங்கே மாணவரும் ஆசிரியரும் வகுப்பறையில் ஒன்றாக இருந்து ஒரே உணவை உண்கிறார்கள், பரிமாறுபவர்களும் மாணவர்களே. உணவு அங்கே ஒரு பாடம்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பிற் பருத்த பிள்ளையை 'குண்டன்' என்று அழைத்துச் சிரிப்பு மூட்டுவது நம்மிடையே குற்றமாகக் கருதப்படுவதில்லை. மெலிந்த பிள்ளையைப் பட்டினிக்காகப் பரிகசிக்க நாம் கூசுவோம். இருவரும் ஒரே சந்தையின் பிள்ளைகள். அச்சந்தையை அமைத்தவர்கள் அவர்களல்லர். பரிகாசத்தை நிறுத்திவிட்டு, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கப்படுகிறது என்று நாளைக் காலையிற் சென்று பார்ப்போமாக.