எறும்புக் கடி அன்று

"எறும்பு கடித்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்." ஊசியைக் கையில் எடுக்கும்போது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல் இது. இரத்தம் எடுப்பதற்கு இச்சொல் பொருந்தும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பொருந்தாது. அங்கே தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் மரத்துப்போகச் செய்ய முடியும். உள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகளின் வலியை அம்மருந்து முழுமையாகத் தடுப்பதில்லை. எறும்புக் கடியை எதிர்பார்த்துப் படுத்திருப்பவர், அந்நொடியில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்றே அஞ்சுவார். "இப்போது சுளீரென்று ஒரு வலி வரும், சில நொடிகளில் அடங்கிவிடும்" என்று முன்பே கூறினால் வலி குறையாமற்போகலாம், அச்சம் குறையும்.

எம்.ஆர்.ஐ. சோதனையில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆயினும் சம்மட்டி அடிப்பது போன்ற அதன் ஓசை இயந்திரத்தின் இயல்பே என்பதையும், கையில் தரப்படும் பந்தை அழுத்தினால் உடனே கவனிப்பார்கள் என்பதையும் அறியாமல் உள்ளே செல்பவருக்கு அரைமணி நேரம் ஒரு யுகம். (சொல்லும் சொல் துல்லியமாகவும் இருக்கவேண்டும். "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்றால், மயிலாப்பூரில் பலருக்குக் காலைக் காபி உணவுக் கணக்கில் வருவதில்லை!)

யாரிடம் சொல்வது என்பதுதான் இவற்றினும் கடினமானது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கப்பெற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் "அடையாறுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்" என்பதே பல வீடுகளில் அந்நோயின் பெயர். தசைத்துணுக்கு எடுக்கும் நாளில் மருத்துவரைத் தனியே அழைத்து, "அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்" என்று மகன் வேண்டுகிறார். அன்பினால்தான். ஆனால் எதற்காக ஊசி குத்தப்பட்டது என்றே அறியாத அந்த அம்மா, எல்லோர் முகத்தையும் பார்த்துத் தாமே ஊகித்துக்கொள்கிறார்.

சட்டமும் இங்கே தெளிவாகப் பேசியிருக்கிறது. தில்லியில், நோயறி சோதனைக்காக மயக்கமருந்து பெற்றிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயதுவந்த ஒருவருக்காகத் தாயும் ஒப்புதல் தர இயலாது, சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்ததாகாது என்று 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களைப் பற்றியும் ஒரு சொல். எடுத்த துணுக்கைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்கியில் காணமுடியும். அதற்குச் சில நாள்கள் ஆகும். தாமதம் என்பது கெட்ட செய்திக்கு அறிகுறியன்று. ஆனால் சொல்லப்படாத வீட்டில் அப்படித்தான் தோன்றும். ஆகவே சோதனைக்கு முன்பே, முடிவு எந்நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள். அதை முதலில் யாரிடம் சொல்லவேண்டும் என்பதை நோயாளியே கூறட்டும். "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்று அவர் கூறினால், அதுவும் அவருடைய உரிமையே.